கிணற்றடிக்குக் குடிவந்த முனியப்பன்

செந்தமிழ்ச்செல்விக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். மூக்கு வரைக்கும் ஏற அந்தக் கோபத்துக்குப் பொறுமை கிடையாது, வாய்க்கு வந்தவுடனே கொட்டிவிடும். மேடைப்பேச்சு கேட்க ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்த அப்பா ஆசையாக வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு எட்டாவது வரை படித்தாள். பிறகு கரும்புக்குச் சோகை உரிக்கப் போனாள். பிறகு வீரமணிக்கு வாழ்க்கைப்பட்டுக் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த அவன் ஊருக்குப் போனாள். வீரமணி நல்லவன். அந்த ஒன்றைத் தவிர அவனிடம் சொத்து என்று எதுவும் இல்லை. அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து இரண்டு பேரும் மரவள்ளி போட்டார்கள். மழை ஏமாற்றிய வருஷங்களில் கூலிக்குப் போனார்கள். இடுப்பு ஒடிய வேலை செய்து, விளைந்ததில் பாதியை இன்னொருவன் வாசலில் கொட்டிவிட்டு வருகிறவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

பிறந்த வீட்டில் நிலம் இருந்தது. சங்கராபுரத்துக்கு மேற்கே, சுமார் மூன்று ஏக்கர். அதில் மேற்குப் பாதி பொன் விளைகிற செம்மண், அந்தக் கோடியில் ஒரு கிணறு. கிழக்குப் பாதி சுக்கான் மேடு. மண்வெட்டியைப் போட்டால் பொறி பறக்கும். எள்ளைத் தெளித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கிணறு வெட்டும்போது செல்வி பாவாடை சட்டை போட்ட பெண். கூடை கூடையாக மண் சுமந்து கரையில் கொட்டினாள். அண்ணன் சுப்புராயன் சுமக்கவில்லை. படிக்கிற பையன் தலையில் மண்கூடை ஏற்றக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம்.

அம்மாவுக்குப் பின்னால் அப்பாவும் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே சுப்புராயன் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"பட்டா மாத்தணும்மா. சும்மா ஒரு கையெழுத்து."

செல்வி இலையை மூடிவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து, எட்டாவது படித்த படிப்பை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். பட்டாவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தகப்பனார் சொத்தில் தனக்குள்ள பாத்தியத்தைத் தமையனாருக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக அவள் பெயரில் எழுதியிருந்தது.

"இன்னாண்ணா இது? காது குத்தறியா எனக்கு?"

"உனக்குத்தான் நல்லபடியா கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சே. கட்டிக் குடுத்த பொண்ணு வந்து கழனியில பங்கு கேக்கறது நம்ம பக்கத்துல வழக்கமா?"

"வழக்கம் இல்லன்னா அப்ப என் கையெழுத்து எதுக்கு உனக்கு?"

பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணி ஆண்டாள், "செத்த வூட்ல வந்து சொத்து கேக்கறா பாரு," என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். கேட்டவள் யார், பத்திரத்தை நீட்டியவன் யார்? ஆனால் பழி செல்வி தலையில்தான் விடிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டுப் பொங்கல் வரிசை இவளுக்கு வருவது நின்றுபோயிற்று. இவளும் வக்கீலைப் பார்த்து வழக்குப் போட்டாள்.

மகளுக்கும் மகனுக்கும் சரிபாதி என்று சட்டம் எப்போதோ மாறிவிட்டது, அதனால் கோர்ட்டும் சரிபாதி என்றுதான் சொன்னது. அதைச் சொல்லவே சில வருஷங்கள் ஆகின. பாதி உனக்கு என்று காகிதத்தில் வந்துவிட்டது. எந்தப் பாதி என்றுதான் வரவில்லை. செம்மண்ணா, சுக்கானா? கிணறு உள்ள பக்கமா, வானத்தைப் பார்க்கிற பக்கமா? அது தெரியாத வரைக்கும் அந்தப் பாதியில் ஒரு வெண்டைச் செடி கூட வைக்க முடியாது. அதற்கு இன்னொரு மனு போட வேண்டும் என்றார் வக்கீல். போட்டாள். இடத்தை நேரில் பார்த்து, அளந்து, பிரித்துக்காட்டச் சொல்லிக் கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பியது. கமிஷனர் வருகிறார் என்றதும் ஊர் போலீஸ் ஜீப்பை எதிர்பார்த்து நின்றது. வந்து இறங்கியவள் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்த அபிநயா என்கிற இளம் வக்கீல். கூடவே ஒரு சர்வேயர்.

அன்றைக்கு அளக்க முடியவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே கரும்பு நின்றது. சுப்புராயன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"எப்புடி மேடம் அளப்பீங்க? உள்ள பூந்தா நீங்க வெளிய வர மாட்டீங்க."

சர்வேயர் கிணற்று மேட்டில் ஏறி நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். கிணற்றிலிருந்து கிழக்கே போகிற வாய்க்காலைக் காட்டினார். "இது ஏறக்குறைய நடுவுல போவுது மேடம். இதுக்கு ரெண்டடி வடக்க, மேற்கால இருந்து கிழக்கால ஒரு கோடு இழுத்தா, நல்ல மண்ணு ரெண்டு பேருக்கும் கெடைக்கும், சுக்கானும் ரெண்டு பேருக்கும் வரும். கெணறு பொதுவு."

செல்விக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வடக்குப் பாதி தனக்கு, தெற்கு அண்ணனுக்கு, தண்ணீர் ஆளுக்கு ஒரு நாள் முறை. இதைவிட நியாயம் வேறென்ன இருக்கிறது? சுப்புராயன் முகம் சுண்டிப்போயிற்று. அவன் மனசில் இருந்த கோடு வேறு. தெற்கு வடக்காக ஒரு கோடு, மேற்கு முழுசும் அவனுக்கு, சுக்கான் முழுசும் தங்கச்சிக்கு. கரும்பு வெட்டியதும் வந்து அளக்கிறோம், ஆட்சேபணை இருந்தால் அப்போது சொல்லலாம் என்று சொல்லிவிட்டு அபிநயா கிளம்பினாள்.

மாசி மாசம் மூங்கில்துறைப்பட்டு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, கரும்பு வண்டியேறிப் போயிற்று. நிலம் மொட்டையாகக் கிடந்தது. கமிஷனர் மறுபடி வந்தாள். செல்வியும் வீரமணியும் காலையிலேயே பஸ் பிடித்து வந்து, வரப்பில் நடந்து கிணற்றடிக்குப் போனார்கள்.

அங்கே ஒரு சாமி நின்றுகொண்டிருந்தது.

வாய்க்காலின் வடகரையில், சர்வேயர் கையைக் காட்டிய அதே இடத்தில், இடுப்பு உயரக் கல் ஒன்று. உடம்பெல்லாம் மஞ்சள், நடுவில் தட்டுப் பெரிசுக்குக் குங்குமம், இடுப்பில் சிவப்புத் துணி, பக்கத்தில் புதுச் சூலம், அதில் எலுமிச்சம்பழம். சுப்புராயன் செருப்பில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு நின்றான். ஆண்டாள் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். ஊர் ஜனம் பத்திருபது பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"கெணத்து முனியப்பன் மேடம்," என்றான் சுப்புராயன். "எங்க முப்பாட்டன் காலத்துச் சாமி. இவரு மேல கோடு இழுக்க முடியாது. அத்துக்கல்லு நட்டா குடும்பமே வௌங்காது. இந்தப் பக்கம் முச்சூடும் ஆம்பளப் புள்ளைக்குத்தான் வரணும். கட்டிக் குடுத்த பொண்ணுக்கு புருசன் வூட்டுச் சாமிதானுங்களே?"

செல்விக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இந்த வீட்டுக் குலசாமி பச்சையம்மன். முனியப்பன் எந்தப் பஸ்ஸில் வந்து இறங்கினார்? பிறகு கல்லைப் பார்த்தாள். ஒரு பக்கம் சரிந்து, தேய்ந்து, வழவழவென்று இருந்தது. மேல் மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தாள். தொட்டிக்குப் பக்கத்தில், எப்போதும் கல் கிடந்த இடத்தில், ஒரு பள்ளம். அதில் சேறு இன்னும் காயவில்லை.

துணி துவைக்கிற கல். அம்மா துவைத்த கல், இவள் துவைத்த கல். பள்ளிக்கூடம் போன அண்ணனின் வெள்ளைச் சட்டையை இவள் அடித்து அடித்து வெளுத்த கல். அதை நிமிர்த்தி, நட்டு, மஞ்சள் பூசிவிட்டான்.

"அடப்பாவி," என்றாள். குரல் வாய்க்காலைத் தாண்டிக் கேட்டது. "மேடம், அது சாமி இல்ல. தொவைக்கிற கல்லு. இவன் ஜட்டிய தொவச்ச கல்லு. தொட்டியாண்ட இருந்த கல்லு எங்கன்னு கேளுங்க. பள்ளத்தப் போய்ப் பாருங்க."

அபிநயா போய்ப் பள்ளத்தைப் பார்த்தாள். கல்லையும் பார்த்தாள். அவளுக்கும் புரிந்திருக்கும். ஆனால் பேனாவை எடுத்து, "சாமியா கல்லான்னு முடிவு பண்ண என்னை அனுப்பலங்க. இருக்கறத எழுதிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் சொல்றதையும் எழுதிக்கிறேன்," என்றாள்.

எழுதிக்கொள்வாளாம். திருட்டு கண் முன்னால் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கிறது, அதற்கும் ஒரு வரி, இவளுக்கும் ஒரு வரி. செல்விக்கு உச்சந்தலை கொதித்தது. நேரே போனாள். சாமியின் இடுப்பிலிருந்த சிவப்புத் துணியை ஒரே இழுப்பில் உருவினாள். வாய்க்கால் தண்ணீரில் முக்கி எடுத்து, அந்தக் கல்லின் தலையிலேயே ஓங்கி ஓங்கி அடித்தாள். மஞ்சள் தெறித்து அவள் முகமெல்லாம் அப்பியது. கூட்டம் பின்னால் நகர்ந்தது. ஆண்டாள் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். வீரமணி, "செல்வி, வேணாம், செல்வி," என்று முனகினான். துணியை முறுக்கிப் பிழிந்து அண்ணன் தோள்மேல் போட்டாள்.

"தொவச்சுக் குடுத்துட்டேன். உங்க முனியப்பனுக்குக் கட்டி வுடு."

அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்று கூட இல்லை. அது கொஞ்ச நாள்தான் நிலைத்தது. அண்ணன் மகன் பிரவீன்குமார் வெள்ளிமலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்தான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சாமி மேல் துணி துவைத்த அத்தை, பழிவாங்கிய முனி. ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. செல்வி ஓடினாள். பால் குடி மறக்கும் வரை இவள் இடுப்பிலேயே கிடந்த பிள்ளை. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஆண்டாள் வழியை மறித்து நின்று, "உள்ள வந்து அவனையும் அடிச்சித் தொவைக்கப் போறியா?" என்று கேட்டாள். செல்வி வந்த வழியே திரும்பினாள். பஸ்ஸில் திரும்பும்போது, ஒருவேளை தன்னால்தானோ என்று ஒரு நினைப்பு உள்ளே எழுந்தது. அந்த நினைப்பு எழுந்ததற்காகவே அண்ணன் மேல் ஆத்திரம் இரண்டு மடங்கானது. ஒரு கல்லை நட்டு என் மண்டைக்குள்ளேயும் நட்டுவிட்டானே என்று பல்லைக் கடித்தாள்.

பையன் பிழைத்துக்கொண்டான். சுப்புராயன் மொட்டை போட்டு, கிடா வெட்டி, ஊரையே கூட்டிக் கிணற்றடியில் சோறு போட்டான். பிறகு குழந்தைகளுக்கு மந்திரிக்க ஆள் வந்தது, வெள்ளிக்கிழமை விளக்குப் போட ஆள் வந்தது. நாலு மாசத்துச் சாமிக்கு நானூறு வருஷத்துக் கதை சேர்ந்துவிட்டது. செல்வியோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

கோர்ட்டில் சுப்புராயன் தரப்பு ஆட்சேபணை போட்டது. சாமி மேல் எல்லைக்கோடு வரக்கூடாது, சாமியும் அதைச் சுற்றிய இடமும் துண்டாகாமல் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது. சாமி மேல் கோடு வேண்டாம், சரி. கோட்டை இரண்டடி தெற்கே தள்ளி வாய்க்காலிலேயே போட்டுவிடலாம், குறைகிற இடத்தைக் கிழக்கே ஈடுகட்டிவிடலாம். கல் வடகரையில் முழுசாக நின்றுகொள்ளும். அந்த வடபாதி செந்தமிழ்ச்செல்விக்கு. கிணறு பொதுவு.

சாமியை நட்டவனுக்குக் கோடு எந்தப் பக்கம் நகரும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. மேற்கு மொத்தமும் தனக்கே என்ற நினைப்பில் வடகரையில் நட்டுவிட்டான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளுடைய வக்கீல் இதை விளக்கிச் சொன்னபோது செல்வி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சாமியே அவனைப் பார்த்துக்கொண்டது என்று வீரமணி சொன்னான். அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

நிலத்தை ஒப்படைக்கிற அன்று கோர்ட்டு அமீனா வந்தார், சர்வேயர் வந்தார், எல்லையில் நட அத்துக்கல் ஏற்றிய டிராக்டர் வந்தது. வாய்க்கால் நெடுகக் கல் நட்டுக்கொண்டே வந்தார்கள். ஊர் ஜனம் தென்கரையில் நின்றது. சுப்புராயனும் நின்றான். தலையில் முடி அரை விரல் முளைத்திருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தான். சண்டைக்கு வருவான் என்று செல்வி தயாராக வந்திருந்தாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை கூடப் பார்த்திருந்தாள்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"செல்வி, நெலத்த எடுத்துக்க. இனிமே நான் ஒரு கோர்ட்டுக்கும் போவல. முனியப்பன மட்டும் ஒண்ணும் பண்ணிடாத தாயி."

"இன்னாது அது? அமீனா ஐயா கேக்கட்டும், நீ சொல்லு. அம்மா அதுல இன்னா பண்ணும்?"

"தொவைக்கும்."

"ஆங். அப்ப அது இன்னா?"

சுப்புராயன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப அது தூங்கிக்கினு இருந்துச்சி செல்வி. நமக்குத் தெரியல. அது மேல போட்டு அடிச்சிக்கினே இருந்திருக்கோம். புள்ள கண்ணத் தொறக்காம கெடந்தப்ப நான் இங்கதான் வுழுந்து கெடந்தேன். காலையில தொறந்துட்டான்."

"பேத்து எடுத்தாந்து நட்டது யாரு? நீதான? என் பங்க அமுக்கறதுக்குத்தான நட்ட?"

"நான் எங்க நட்டேன்? அதுவே வந்துச்சி. என்னைத் தூக்க வெச்சிது."

செல்வி அவன் கண்ணையே பார்த்தாள். சின்ன வயசிலிருந்து அவன் பொய் சொல்கிற முகம் அவளுக்குத் தெரியும், இடது கண் லேசாகச் சுருங்கும். இப்போது சுருங்கவில்லை. அவன் மனசார நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். அது தெரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் அதுவரைக்கும் வந்த எல்லாக் கோபத்தையும் விடப் பெரிசு. டிராக்டரில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். கூட்டத்தில் ஒரு கிழவி, "ஐயோ, முனிப்பா," என்று கூப்பிட்டாள். அத்துக்கல் நட வந்த கூலியாட்கள் வரப்பேறிப் போய்விட்டார்கள். செல்வி தனியாகவே தோண்டினாள். சூலம் சாய்ந்தது. கல் ஆட்டம் கண்டது.

"புடி அந்தப் பக்கம்," என்றாள் அண்ணனைப் பார்த்து.

"வேணாம் செல்வி. எடம் மாத்தினா ஆவாது."

"புடின்னா புடி. இல்லன்னா தொட்டியாண்டதான் போவும். நாளைக்குக் காலையில துணியோட வருவேன்."

அவன் வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் குனிந்து தூக்கினார்கள். கனம் தாங்கவில்லை. அவன் "மெதுவா மா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தான், மஞ்சள் அவன் மார்பெல்லாம் ஒட்டியது. வாய்க்காலைத் தாண்டி, அவன் கரையில், அவன் பங்கில் கொண்டுபோய் வைத்தார்கள். செல்வி கையை எடுத்ததும் அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தென்கரைக் கூட்டமும் விழுந்தது.

நிலம் கிடைத்துவிட்டது. கிணறு கிடைத்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷம் கோர்ட்டுப் படியேறியதில் அவள் எதிர்பார்த்தது இன்னொன்றும் உண்டு. "உன் பங்கைத் திருடப் பார்த்தேன், பொய் சொன்னேன்" என்று அண்ணன் வாயால் ஒரு வார்த்தை. அதை எந்தக் கோர்ட்டு வாங்கிக்கொடுக்கும்? அதைச் சொல்ல வேண்டிய சுப்புராயன் செத்தவனுக்குச் சமம். அங்கே குப்புறக் கிடந்தவன் வேறொருவன், அவனுக்கு எந்தப் பொய்யும் தெரியாது. அவனை அவள் என்ன கேட்டுத் திட்டுவாள்?

மூச்சு வாங்கத் திரும்பினாள். பின்னால் வீரமணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் பங்கில் நின்றுகொண்டு, தென்கரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

"கைய எறக்குய்யா," என்றாள் செந்தமிழ்ச்செல்வி.